பெட்டியை நிறுத்துவதா, தாளை நிறுத்துவதா?

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் என் அப்பா யோசிக்காமல் பதில் சொல்வார். முழு மட்டம் 120 அடி, நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு, கல்லணையை எப்போது திறப்பார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. மன்னார்குடியை விட்டுக் கிளம்பிச் சிங்கப்பூருக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் தோ பாயோவில் அவர் குடியிருக்கும் வீட்டுக்கென்று வந்திருந்த, அரசாங்கம் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டுகளைப் பற்றி, அறிவிப்பு வெளியாகி மூன்று மாதம் ஆகியும் அவருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் மின்தூக்கியில் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று பொங்கோலில் இருக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று சிட்னியில் இருக்கும் தம்பி நினைத்துக்கொண்டிருந்தான்.

அதே வாரம் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிகிறது, சலுகைக் கட்டணம் இனி இல்லை, மாதம் 34 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 47 வெள்ளி கட்ட வேண்டும். அப்பா கடிதத்தை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, "நீங்களே பேசி முடிவெடுங்கள்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் மனத்துக்குள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்று பொருள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. நிறுவனம் கொடுத்த பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இணையவழிச் செயலிகளுக்கு மாறலாம் என்றான் தம்பி. அப்பாவோ எதுவும் வேண்டாம், கைப்பேசியில் யூடியூப் இருக்கிறது, செலவோடு செலவாகப் பத்திரிகைச் சந்தாவையும் நிறுத்திவிடலாம் என்றார். இதுதான் அவர் மனத்துக்குள் எடுத்திருந்த முடிவு. அம்மா நாற்பது விநாடிக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். அதில் முப்பது விநாடி மின்விசிறிச் சத்தம். மிச்சத்தில், "என் நாடகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்."

நானும் முதலில் விலையை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். பாதியில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அப்பாவுக்குப் பற்றுச்சீட்டு விஷயம் தெரியாமல் போனதற்குப் பணம் காரணமில்லை. நாளுக்கு ஆறு மணி நேரம் செய்தி பார்க்கிற மனிதர் அவர். அந்த ஆறு மணி நேரமும் அடுத்தது எதைப் பார்க்க வேண்டும் என்பதை வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இவர் தோ பாயோவில் இருக்கிறார் என்பது பொருட்டில்லை. ஆகவே ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்: இதில் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது யார்?

பெட்டி

கட்டணத் தொலைக்காட்சியை இன்று கேலி செய்வது எளிது. ஆனால் அம்மாவின் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஊரில் இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. மன்னார்குடியில் சின்னம்மா பார்க்கும் அதே நாடகத்தை அதே நிமிடத்தில் இங்கே அம்மா பார்க்கிறார். விளம்பர இடைவேளையில் இருவரும் குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறார்கள். மாமியார் பாத்திரத்தை இரு நாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் திட்டுகிறார்கள். அது வெறும் நாடகமில்லை. கடல் தாண்டிய இரண்டு சகோதரிகள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போன்ற ஏற்பாடு. செயலிக்கு மாறினால் நாடகம் கிடைக்கும், விரும்பிய நேரத்தில் கிடைக்கும், ஆனால் அந்தத் திண்ணை கிடைக்காது.

பெட்டிக்கு எதிரான என் வாதம் வேறு. சிங்கப்பூரில் பழைய கேபிள் சேவை 2019ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இப்போது கட்டணத் தொலைக்காட்சியும் வீட்டு இணையமும் ஒரே கண்ணாடியிழை வழியாகத்தான் வருகின்றன. ஒரே குழாயில் வருகிற தண்ணீருக்கு இரண்டு ரசீது. தமிழ்த் தொகுப்பு என்று வாங்கியதில் அம்மா பார்ப்பது ஒரே ஓர் ஒளிவழி (சேனல்), அப்பா பார்ப்பது சென்னைச் செய்தி ஒளிவழிகள் இரண்டு. மற்றவற்றின் எண்கூட அவர்களுக்குத் தெரியாது.

சென்னைச் செய்தி ஒளிவழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் குறை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றுமில்லை. அவை தமிழ்நாட்டு மக்களுக்காக நடக்கின்றன, அவர்களுக்குத் தேவையானதைத்தான் சொல்லும். கரையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற நாம்தான் அது நம் ஊர்ச் செய்தி என்று மயங்கிப்போகிறோம். நவம்பரில் புயல் சின்னம் உருவானால் அப்பா குடையோடு வெளியே கிளம்புகிறார். இங்கே வெயில் அடிக்கிறது.

செயலிகள்

தம்பியின் யோசனை தாளில் பார்த்தால் மலிவானது. சன் நெக்ஸ்ட் போன்ற ஒன்றை எடுத்தால் அம்மாவின் நாடகம் வந்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் 2016 முதல் இங்கே இருக்கிறது, புதிய தமிழ்ப் படங்கள் சில அதில் வருகின்றன. ஒப்பந்தம் என்ற பெயரில் இரண்டு ஆண்டு கட்டிப்போட மாட்டார்கள், வேண்டாமென்றால் மாதக் கடைசியில் நிறுத்திக்கொள்ளலாம். இளம் குடும்பமாக இருந்தால், வீட்டில் வேகமான இணையம் ஏற்கெனவே இருந்தால், இதைத் தவிர வேறொன்றை யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் எழுபத்திரண்டு வயது அம்மாவை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். தொலைக்காட்சியைப் போட வேண்டும், செயலியைத் திறக்க வேண்டும், யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கும், பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேடலில் நாடகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அம்புக்குறியால் அழுத்த வேண்டும். பழைய பெட்டியில் மூன்று இலக்க எண் ஒன்றுதான். ஒருநாள் செயலி தானாகவே வெளியேறிவிட்டது. கடவுச்சொல் தம்பியிடம், தம்பி விமானத்தில். அன்று அம்மா என்னிடம் பேசவில்லை, தொலைக்காட்சியிடமும் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. கைப்பேசித் தரவில் பார்க்கிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்தெளிவுக் காணொளி ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஜிகாபைட் வரை விழுங்கும். வீட்டு வைஃபையில் இது பொருட்டில்லை, பேருந்தில் பொருட்டு.

இலவசமாகக் கிடைப்பது

இதை யாரும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. எனக்கே மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது. வெறும் ஆன்டெனா. நான் வாங்கியது 25 வெள்ளி, சன்னலோரம் வைத்தால் போதும்.

ஒரு காலத்தில் தொலைக்காட்சி வைத்திருந்தாலே ஆண்டுக்கு 110 வெள்ளி உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டில் அதை எடுத்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய ஒளிபரப்பு முறை நின்று எல்லாம் மின்னிலக்கத்துக்கு மாறியது. அதற்கு முன்பு, கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு மின்னிலக்கக் கருவி வாங்க 100 வெள்ளி கொடுத்தார்கள். பெட்டி இருந்ததால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. பெட்டியினால் நாங்கள் இழந்தவற்றில் அது மிகச் சிறியது என்று இப்போது தோன்றுகிறது.

இங்குள்ள தமிழ் ஒளிவழியான வசந்தம் 2000ஆம் ஆண்டில் 'வசந்தம் சென்ட்ரல்' என்ற பெயரில் வேறு நிகழ்ச்சிகளோடு நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டு தொடங்கியது. 2008 அக்டோபரில் தனி ஒளிவழி ஆனது. அதன் நாடகங்களை அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "இவர்கள் எல்லாரும் சாதாரணமாகப் பேசுகிறார்கள்" என்பது அவருடைய குறை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பாத்திரங்கள் எம்ஆர்டி ரயிலில் போகின்றன, வீவக வீட்டுச் சமையலறையில் சண்டை போடுகின்றன. ஆனால் நான் கவனித்தது செய்தியைத்தான். அரை மணி நேரத் தமிழ்ச் செய்தியில் வரவுசெலவுத் திட்டம் வருகிறது, டெங்கி வருகிறது, பற்றுச்சீட்டு வருகிறது. பிறகு செய்தி முடிந்துவிடுகிறது. முடிந்துவிடுகிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேரத்தைத் தவறவிட்டால் மீவாட்ச் செயலியில் பார்க்கலாம்.

தமிழ் வானொலியான ஒலி 96.8 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அம்மாவின் சமையலறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தும் அதிகாரம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. கண்ணையும் கையையும் கேட்காத ஒரே ஊடகம் வானொலிதான்.

தாள்

சந்தாவை நிறுத்தலாம் என்று அப்பா சொன்னதில்தான் எனக்கு அதிர்ச்சி. ஏனென்றால் இங்குள்ள தமிழ் நாளிதழான தமிழ் முரசை இந்த வீட்டில் யாராவது காப்பாற்றுவார்கள் என்றால் அது அவர்தான் என்று நினைத்திருந்தேன். கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தொடங்கிய பத்திரிகை, 2025ஆம் ஆண்டில் தொண்ணூறு வயதைத் தொட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்த நாட்களில் அப்பாவும் கூட்டாளிகளும் ஒரே பிரதியை ஏழு பேர் படித்ததாகச் சொல்வார். படிக்கத் தெரியாத இருவருக்கு ஒருவர் வாய்விட்டுப் படிப்பாராம். ஆக, படித்தவர் ஏழு, கேட்டவர் இரண்டு, விற்றது ஒன்று.

அவர் நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் வேறு என்று பிறகு தெரிந்தது. கண். புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிறிய எழுத்து அவருக்குச் சிரமம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, செலவு என்று சொல்லியிருக்கிறார். வயதானவர்கள் ஒரு ஊடகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, காலம் மாறிவிட்டது என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். பல நேரம் காரணம் மூக்குக்கண்ணாடிதான்.

ஆகவே அச்சுத் தாளா, மின்னிதழா, இணையப்பக்கமா என்று ஒப்பிட வேண்டியிருந்தது. இந்த மூன்றையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மின்னிதழ் என்பது அச்சுப் பக்கத்தின் படம். விரலால் பெரிதாக்கினால் எழுத்து பெரிதாகும், ஆனால் பக்கம் திரையைவிட்டு வெளியே போய்விடும், இடமும் வலமுமாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். கைப்பேசியில் அது தண்டனை. பத்து அங்குலக் கைக்கணினியில் சுகம். இணையப்பக்கத்திலும் செயலியிலும் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும், கண்ணுக்கு அதுதான் நல்லது. ஆனால் அங்கே முதல் பக்கம், கடைசிப் பக்கம் என்ற ஒழுங்கு இல்லை. அப்பா பத்திரிகையைக் கடைசியிலிருந்து படிக்கிறவர்.

கடைசியிலிருந்து படிப்பது நினைவஞ்சலிகளுக்காக. இந்தப் பழக்கம் அவர் தலைமுறைக்கே உண்டு. சென்ற ஆண்டு அவரோடு தஞ்சோங் பகாரில் வேலை பார்த்த ஒருவரின் மறைவு அறிவிப்பைக் காலையில் பார்த்துவிட்டு, மதியம் மண்டாய் தகனச்சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மனிதரின் குடும்பத்திடம் அப்பாவின் தொலைபேசி எண் கிடையாது. எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இருவரும் சேர்ந்து இருந்ததில்லை. உங்களுக்கு வேண்டியவர் இவர் என்று எந்தக் கணினிக்கும் தெரிந்திருக்க வழியில்லை, ஏனென்றால் இருபது ஆண்டுகளாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தேடாத ஒன்றைக் கண்ணில் படவைப்பது தாளின் வேலை. அதை வேறெதுவும் இவ்வளவு நன்றாகச் செய்து நான் பார்க்கவில்லை.

அச்சு என்றும் இருக்கும் என்று நம்பிக்கொண்டு நான் பேசவில்லை. இங்குள்ள ஆங்கில நாளிதழான 'டுடே' 2017ஆம் ஆண்டில் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது, 2024ஆம் ஆண்டில் இணையத்திலும் கடையை மூடியது. 'தி நியூ பேப்பர்' 2021 டிசம்பரில் அச்சை விட்டது. தமிழ் வாசகர் எண்ணிக்கை அதைவிடச் சிறியது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன்பு 3.3 விழுக்காடாக இருந்தது. இந்த எண்ணைப் பார்த்தபிறகு சந்தா என்பது வெறும் வீட்டுச் செலவாக எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒன்று. தமிழை இணையத்தில் இவ்வளவு இயல்பாகப் படிக்க முடிவதை நாம் மழைபோல் தானாக வந்ததாக நினைக்கிறோம். 1990களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது, ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். அதைச் சரிசெய்ய முனைந்தவர்களில் ஒருவர் இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவர் உருவாக்கியது 'கணியன்' என்ற தமிழ் மென்பொருள். 1997ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கூடியதும் சிங்கப்பூரில்தான், 2000ஆம் ஆண்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு பிறந்ததும் இங்கேதான். இன்று அப்பா திரையில் விரலால் 'அ' என்று எழுதினால் அது அச்செழுத்தாக மாறுகிறது. அந்த வசதிக்குப் பின்னால் இந்த ஊரில் செலவழிந்த பல இரவுகளும் உண்டு.

யூடியூப்

அப்பாவின் தேர்வு இது. காசு இல்லை, எழுத்து இல்லை, கண்ணுக்குச் சிரமமில்லை. மன்னார்குடித் தேரோட்டத்தை நேரலையில் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1970களில் ஊரைவிட்டு வந்தவருக்கு இப்படி ஒரு சன்னல் திறக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

ஆனால் தேர் நிலைக்கு வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. யூடியூப்பின் தயாரிப்புத் துறைத் தலைவராக இருந்த நீல் மோகன், மக்கள் அங்கே செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளால் வருவது என்று 2018ஆம் ஆண்டில் சொன்னார். அதாவது நாமாகத் தேடிப் போவது சிறுபங்கு. எங்கள் வீட்டில் ஒரு மாலை நான் அருகில் உட்கார்ந்து கவனித்தேன். தேரோட்டம். பிறகு கோயில் வரலாறு. பிறகு சோழர் மறைத்த புதையல். பிறகு உலகம் எப்போது அழியும் என்று ஒரு சோதிடர். பிறகு முழங்கால் வலிக்கு மூலிகை எண்ணெய். முக்கால் மணி நேரத்தில் ராஜகோபால சுவாமியிடமிருந்து மூலிகை எண்ணெய்க்கு வந்துவிட்டோம், அப்பா விரலை ஒரு தடவைகூட அசைக்கவில்லை.

சரிசெய்ய வழி இருக்கிறது. தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைக்கலாம். பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்தி வைக்கலாம். வேண்டாத ஒளிவழியைப் பரிந்துரைக்காதே என்று சொல்லலாம். இவற்றை நானே செய்து கொடுத்தேன். ஒரு காணொளி முடிந்து திரை அப்படியே நின்றதும் அப்பா நிமிர்ந்து பார்த்து, "கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டார்.

வாட்ஸ்அப்

இதை நிறுத்துவதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை, ஆனால் எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் மற்ற எல்லா முடிவும் தொங்குகிறது.

அப்பா இங்கு வந்தபோது ஊருக்குக் கடிதம். நீல நிற ஏரோகிராம், நாலு மடிப்பு, ஓரத்தில்கூட எழுத்து. அவசரம் என்றால் தந்தி. அந்தத் தந்தியை இந்தியா 2013 ஜூலையில் மூடிவிட்டது. நான் பள்ளி முடித்த காலத்தில் தேக்காவில் ஃபோன் கார்டு வாங்கி, சுரண்டி, பத்துப் பதினைந்து எண்களை அழுத்தி, "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதற்குள் பாதி நிமிடம் போய்விடும். 2002ஆம் ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரடியாகச் சுமார் 3,200 கிலோமீட்டருக்கு ஒரு கடலடிக் கம்பி போட்டார்கள். பிறகு இன்னும் வந்தன. இப்போது அம்மாவும் சின்னம்மாவும் அழைப்பை இணைத்துவைத்துவிட்டு இருவரும் பேசாமல் கீரை ஆய்கிறார்கள்.

தட்டச்சுத் தெரியாத அம்மாவுக்குக் குரல் பதிவு எழுத்தறிவைப் போல ஆகிவிட்டது. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் தமிழைத் தேர்வுக்குப் படிப்பவள், பாட்டி எழுதி அனுப்பினால் படிக்க நேரமெடுக்கும். ஆனால் பாட்டியின் குரலைக் கேட்டு உடனே பதில் சொல்கிறாள், அதுவும் தமிழில். எந்தத் தமிழ் வகுப்பும் செய்யாததை நாற்பது விநாடி மின்விசிறிச் சத்தம் செய்கிறது.

மறுபக்கம், முன்னனுப்பும் செய்திகள். வாட்ஸ்அப் 2016ஆம் ஆண்டிலிருந்து செய்திகளை இருமுனையிலும் பூட்டி அனுப்புகிறது. நடுவில் நிறுவனமே திறந்து பார்க்க முடியாது. நம் பேச்சுக்கு அது பாதுகாப்பு, பொய்க்கும் அதே பாதுகாப்பு. அதனால்தான் உள்ளடக்கத்தைத் தொடாமல் வேகத்தைக் குறைத்தார்கள். 2019ஆம் ஆண்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாமல் செய்தார்கள், 2020ஆம் ஆண்டில் பலமுறை சுற்றி வந்ததை ஒருவருக்கு மட்டுமே என்று குறைத்தார்கள். இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது ஊரைச் சுற்றிய செய்தி. கொவிட் காலத்தில் பூண்டுத் தண்ணீர் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் மறுத்த பிறகும் வந்துகொண்டே இருந்தது.

இப்போது பற்றுச்சீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். உண்மையில் அப்பாவுக்கு அந்தச் செய்தி வந்திருக்கிறது. கோயில் நண்பர் ஒருவர் இணைப்போடு முன்னனுப்பியிருக்கிறார். மோசடி என்று நினைத்து அப்பா அழித்துவிட்டார். அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளி. தெரியாத இணைப்பைத் தொடாதே என்று நானே அவருக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். அரசாங்கக் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை முதல் ஒரே பெயரில் வருகின்றன, சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைக்கலாம், இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் மெய்யும் பொய்யும் ஒரே வாசல் வழியாக, ஒரே நண்பரின் பெயரில் வரும்போது, எச்சரிக்கையுள்ள மனிதர் இரண்டையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறார். அதே செய்தி காலைத் தாளில் வந்திருந்தால் அவர் நம்பியிருப்பார். வந்தது. அவர்தான் சிறிய எழுத்தைப் படிப்பதை விட்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் என் கணக்கு முடிந்தது. வாட்ஸ்அப் உறவுக்கு, செய்திக்கு அல்ல. செய்திக்கு ஆசிரியர் என்று ஒருவர் பொறுப்பேற்கிற இடம் வேண்டும், அவர் இந்த ஊரில் இருக்க வேண்டும், செய்தி ஓர் இடத்தில் முடிய வேண்டும்.

கடைசியில் செய்தது இது. பெட்டியை நிறுத்தினோம். அம்மாவுக்காக ஒரே ஒரு செயலிச் சந்தா, அதுவும் என் பெயரில். கடவுச்சொல்லைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன். கணினிப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஆன்டெனா சன்னலோரத்தில். அச்சுச் சந்தா தொடர்கிறது. மிச்சப்பட்ட பணத்தில் அப்பாவுக்குப் புதிய மூக்குக்கண்ணாடியும் பத்து அங்குலக் கைக்கணினியும். கைக்கணினியில் தமிழ் முரசும் உள்ளூர் ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் 'செய்தி' தளமும் மட்டும் முகப்பில் இருக்கின்றன. அதைக் கையாள நான் சொல்லிக் கொடுத்தபோது எங்களுக்குள் சண்டைதான் வந்தது. சமூக மன்றத்தில் மின்னிலக்கத் தூதராக இருக்கும் இளைஞர் ஒருவர் இரண்டு அமர்வில் கற்றுக்கொடுத்துவிட்டார். பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தால் ஏறாதது அடுத்த வீட்டுப் பிள்ளை சொன்னால் ஏறிவிடுகிறது. யூடியூப் இருக்கிறது, இரவுச் செய்திக்குப் பிறகு ஒரு மணி நேரம். இந்த விதியை அப்பா வாரத்தில் நான்கு நாள் கடைப்பிடிக்கிறார்.

இதையே எல்லாரும் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தனியாக இருக்கிற, தமிழ் படிக்க முடியாத மூத்தவருக்கு ஆன்டெனாவும் வானொலியும் கைக்கணினியைவிட மேல். பெற்றோருடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குச் செயலிச் சிக்கல் பெரிதாக இருக்காது, கூப்பிட்ட குரலுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். கிரிக்கெட் இல்லாமல் முடியாது என்கிற வீடுகள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் விளையாட்டுச் சந்தாவின் விலையைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும், அங்கே கணக்குத் தலைகீழாகலாம்.

அம்மாவின் திண்ணைப் பிரச்சினை தீரவில்லை. செயலியில் நாடகத்தை மறுநாள் காலைதான் பார்க்கிறார், அதற்குள் சின்னம்மாவின் குரல் பதிவு வந்துவிடுகிறது, அதில் முழுக் கதையும் இருக்கிறது. இப்போது அம்மா நாடகம் முடியும்வரை வாட்ஸ்அப்பைத் திறப்பதில்லை. அந்த நேரத்தில் நான் அனுப்புவதும் போய்ச் சேர்வதில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கருவியோடு ரிமோட், மின்கம்பி எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ரிமோட் காணாமல் போயிருந்தது, அதற்குத் தனியாகப் பத்து வெள்ளி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்துச் சாமி அறையில், கற்பூரப் பெட்டிக்குப் பின்னால், துணியில் சுற்றி அது கிடைத்தது. எப்படி அங்கே போனது என்று அம்மா சொல்லவில்லை.